விமானத்தில் கேபின் பிரஷர் போனால் என்ன செய்வார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத் துறையில் வேலை என்றால் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தக் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. ஏதாவது ஒரு விமானத்தில் மாஸ்க் தொங்கும் வீடியோ பரவிவிட்டால் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

அவ்வளவு உயரத்துல காத்தே இல்லைன்னு சொல்றாங்க. அப்போ உள்ளே நாம சுவாசிக்கிற காத்து எங்கிருந்து வருது?

காற்று இருக்கிறது, மெல்லியதாக இருக்கிறது, அவ்வளவுதான். 35,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆக்ஸிஜன் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளுவதற்கான அழுத்தம் இல்லை. வெளி வெப்பநிலை மைனஸ் 54 டிகிரியை ஒட்டி இருக்கும்.

இந்த மெல்லிய காற்றை என்ஜின் எப்படியும் உள்ளே இழுத்து அமுக்குகிறது. அதில் ஒரு பகுதியைக் குழாய் வழியாக எடுத்து, ‘பேக்’ எனப்படும் குளிர்விக்கும் கருவிகளில் ஆற்றி, கேபினுக்குள் விடுகிறார்கள். போயிங் 787 மட்டும் என்ஜினிலிருந்து எடுக்காமல் தனி மின்சார கம்ப்ரெஸர்களை வைத்திருக்கிறது. உள்ளே வந்த காற்று வால் பக்கம் உள்ள ‘அவுட்ஃப்ளோ வால்வ்’ வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு குழாயில் தண்ணீர் விழ, இன்னொரு குழாயில் ஒழுகும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதுதான் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வால்வைக் கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது.

அப்படின்னா உள்ளே தரையில இருக்கிற அதே பிரஷர்தானா?

இல்லை. சாதாரணப் பறத்தலில் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலைக்குச் சமமானதைவிடக் குறையக் கூடாது என்பது விதி. இதைத்தான் ‘கேபின் உயரம்’ என்கிறோம். ஊட்டி சுமார் 7,350 அடி. ஆக, டெல்லி போகும் விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடம்பு ஏறக்குறைய ஊட்டியில் இருக்கிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதியவற்றில் 6,000 அடி. அது நுவரெலியாவின் உயரம். நீண்ட பயணத்துக்குப் பிறகு அவற்றில் களைப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழுக்கத் தரை அழுத்தத்தையே வைத்தால் உடல்கூடு தாங்குவதற்கு இன்னும் தடிமனாக, கனமாகச் செய்ய வேண்டும். இப்போதே உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 8 பவுண்டு வித்தியாசம். ஒவ்வொரு பயணத்திலும் விமானம் அந்த அளவுக்கு ஊதி மறுபடி தளர்கிறது.

காது அடைக்குதே, அது பிரஷர் பிரச்சினைதானே?

பெரும்பாலும் இல்லை. கேபின் உயரம் வழக்கமாக நிமிடத்துக்கு 500 அடி அளவில் ஏறும், இறங்கும்போது அதைவிட மெதுவாக இறங்கும். அதற்கே சளி பிடித்தவர்களுக்குக் காது வலிக்கும். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, குழந்தைக்குப் பால் கொடுப்பது போதும். கவலைப்பட வேண்டியது திடீரென்று பலருக்கும் ஒரே நேரத்தில் காது ‘டப்’பென்று அடைத்தால், கூடவே கேபின் குளிர்ந்தால், வெண்பனி போல ஏதாவது சூழ்ந்தால். அந்தப் பனியைப் புகை என்று நினைத்து அலறுபவர்கள் உண்டு. அழுத்தம் சட்டென்று விழும்போது காற்றிலுள்ள ஈரம் நுண்துளியாகி நிற்பதுதான் அது, சில நொடிகளில் கலைந்துவிடும்.

பிரஷர் போயிட்டா எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம்?

உயிரோடு இருக்கும் நேரத்தைவிட முக்கியமானது, புத்தியோடு இருக்கும் நேரம். கையும் மூளையும் சேர்ந்து உருப்படியாக ஒரு வேலை செய்ய எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது கணக்கு. 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். 30,000 அடியில் 1 முதல் 2 நிமிடம். 35,000 அடியில் 30 முதல் 60 நொடி. 40,000 அடியில் 15, 20 நொடிதான். அழுத்தம் படாரென்று போனால் இதிலும் பாதியாகலாம், ஏனென்றால் நுரையீரலில் இருக்கும் காற்றும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மூச்சு முட்டும், தவிப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மூச்சு முட்டும் உணர்வு முக்கியமாகக் கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதால் வருவது. இங்கே அது சேர்வதில்லை, ஆக்ஸிஜன் மட்டும் குறைகிறது. அதனால் சிலருக்கு லேசான மிதப்பு, காரணமில்லாத சிரிப்பு. நகமும் உதடும் நீலம் பாயும். எளிய கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டேன் என்று அடித்துச் சொல்வார்கள். தன் மூளை மங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதும் அதே மூளைதான். கீழே வரும் விதிகளில் பாதி இந்த ஒரு காரணத்துக்காகவே எழுதப்பட்டவை.

மாஸ்க் தானா விழுமா, பைலட் ஏதாவது பட்டன் அமுக்கணுமா?

கேபின் உயரம் 14,000 அடியைத் தொட்டால் தானாகவே விழும். விழாவிட்டால் விமானிகள் சுவிட்சைத் தட்டி இறக்குவார்கள். அதற்கு முன்பே, கேபின் உயரம் சுமார் 10,000 அடி வரும்போது காக்பிட்டில் எச்சரிக்கை ஒலித்துவிடும். அதாவது உங்கள் தலைக்கு மேல் மாஸ்க் தொங்கும்போது முன்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருக்க வேண்டும்.

மாஸ்க்ல 12 நிமிஷம்தான் ஆக்ஸிஜன் வருமாமே? அப்புறம் என்ன பண்றது?

பல விமானங்களில் 12 முதல் 15 நிமிடம், சிலவற்றில் 22 நிமிடம். போதாது என்று தோன்றும், போதும். மாஸ்க் பயணத்தை முடிப்பதற்காக இல்லை. மாஸ்க் தேவைப்படாத உயரத்துக்கு விமானம் இறங்கி வரும்வரை உங்களை விழிப்போடு வைப்பதற்காக. அந்த இறக்கம் சுமார் 5 நிமிட வேலை.

பெரும்பாலான விமானங்களில் தலைக்கு மேலே சிலிண்டர் கிடையாது. சோடியம் குளோரேட் அடைத்த சிறு டப்பா இருக்கும். மாஸ்க்கை உங்கள் பக்கம் இழுத்தால் அதோடு கட்டிய கயிறு ஓர் ஊசியை உருவிவிடும், வேதிவினை தொடங்கும், ஆக்ஸிஜன் வரும். தொடங்கினால் நிறுத்த முடியாது. இழுக்காவிட்டால் தொடங்கவே தொடங்காது. தொங்கும் மாஸ்க்கிடம் முகத்தைக் கொண்டுபோய்க் குனிந்து வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

பை ஊதவே இல்லை, கூடவே கருகுற வாடையும் வருது. ஆக்ஸிஜன் வருதா, தீப்பிடிச்சிருச்சா?

இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். ஆக்ஸிஜன் சீராக வந்தாலும் பை ஊதாமல் இருக்கலாம். பாதுகாப்பு விளக்கத்திலேயே இதைச் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. வாடைக்குக் காரணம் மேலே சொன்ன டப்பா. வேதிவினையில் அது கடுமையாகச் சூடாகும், மேலே படிந்த தூசி கருகும். அதைத் தொடாதீர்கள்.

இந்த டப்பாக்களைச் சாதாரணச் சரக்காக ஏற்றுவது வேறு கதை. 1996 மே 11 அன்று அமெரிக்காவில் வேல்யூஜெட் 592 விமானத்தின் சரக்கு அறையில், சரியாகப் பாதுகாக்காமல் ஏற்றிய பழைய ஆக்ஸிஜன் டப்பாக்கள் பற்றி எரிந்து 110 பேர் இறந்தார்கள்.

குழந்தைக்குப் போடாம நமக்கு முதல்ல போட்டுக்கணும்னா மனசு கேட்குமா?

கேட்காதுதான். ஆனால் 30 நொடிக் கணக்கை மறுபடி பாருங்கள். பயந்து திமிறும் பிள்ளைக்கு மாஸ்க் மாட்ட 20 நொடி போய்விட்டால், அடுத்து உங்கள் மாஸ்க்கை எடுக்கக் கை வராமல் போகலாம். நீங்கள் முதலில் போட்டுக்கொண்டால், பிள்ளை சில நொடி மயங்கினாலும் நீங்கள் மாட்டிவிட்டதும் தெளிந்துவிடும். மடிக் குழந்தைக்கு மாஸ்க் இருக்குமா என்றும் கேட்கிறார்கள். இருக்கும். இருக்கைகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக மாஸ்க் இருக்க வேண்டும் என்பது விதி.

மூக்கையும் சேர்த்து மூடுங்கள். 2018 ஏப்ரலில் நடுவானில் அழுத்தம் போன அமெரிக்காவின் சௌத்வெஸ்ட் 1380 விமானத்தில் எடுத்த படங்களில் பலர் வாயை மட்டும் மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்துல காக்பிட்ல என்னதான் நடக்கும்?

முதல் வேலை ரேடியோ இல்லை, கைப்பிடி இல்லை. மாஸ்க். விமானியின் இருக்கைக்குப் பக்கவாட்டில் ஒரு பெட்டியில் அது மடங்கிக் கிடக்கும். இரண்டு சிவப்புப் பிடிகளை ஒரே கையால் அழுத்தி வெளியே இழுத்தால், ரப்பர் பட்டைகள் காற்றேறி விரிந்து நிற்கும். தலைக்கு மேல் கொண்டுவந்து முகத்தில் வைத்துப் பிடியை விட்டால், ‘புஸ்’ஸென்று காற்று இறங்கிப் பட்டை மண்டையைக் கவ்விக்கொள்ளும். 5 நொடிக்குள் ஒரு கையால் இது முடிய வேண்டும். பயணிகளுக்கு வருவது போல இது சொட்டுச் சொட்டான ஆக்ஸிஜன் இல்லை; முழு ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் அழுத்தத்தோடு தள்ளும். சிலிண்டரிலிருந்து வருவதால் 12 நிமிடக் கணக்கும் இதற்கு இல்லை.

அடுத்தது, இருவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்க முடிகிறதா என்று பார்ப்பது. மாஸ்க்குக்குள் தனி மைக் உண்டு. அதை மாற்றியதும் ஹெட்செட்டில் தன்னுடைய மூச்சும் பக்கத்தில் இருப்பவரின் மூச்சும் இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே சுருக்கமாகப் பேசிப் பழக வேண்டும். சிமுலேட்டரில் முதன்முறை செய்பவர்கள் தடுமாறுவது விமானத்தை இறக்குவதில் இல்லை, இந்த இடத்தில்தான்.

அப்புறம்தான் இறக்கம். ஒருவர் விமானத்தைப் பார்த்துக்கொள்வார்: ஆட்டோபைலட்டில் கீழ் உயரத்தைத் திருப்பி வைத்து, என்ஜினை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குக் கொண்டுவந்து, இறக்கை மேல் உள்ள வேகத்தடைத் தகடுகளை முழுக்க நிமிர்த்துவார். மற்றவர் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லிக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிப்பார், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண்ணை வைப்பார், கேபினுக்கு அறிவிப்பார், பயணிகள் மாஸ்க் விழுந்ததா என்று உறுதி செய்வார். இந்த முதல் படிகள் மனப்பாடம். புத்தகத்தைப் பிரித்துச் சரிபார்ப்பது அதற்குப் பிறகு. ஏ350 போன்ற சிலவற்றில் விமானிகள் எதுவும் செய்யாவிட்டால் விமானம் தானே இறங்கத் தொடங்கும் வசதியும் வந்துவிட்டது.

மூக்கைக் குத்திக்கிட்டு கீழே போகுமாமே, அது விழுறதா இறங்குறதா?

இறங்குவதுதான். வழக்கமாக நிமிடத்துக்கு 2,000 அடி போல இறங்குவது அப்போது 6,000 அடியை ஒட்டி இருக்கும். சாய்வு நீங்கள் நினைப்பது போலச் செங்குத்து இல்லை, பத்து டிகிரியை ஒட்டித்தான். ஆனால் தகடுகள் நிமிர்ந்ததால் விமானம் அதிரும், என்ஜின் சத்தம் அடங்கிவிடும், காது வலிக்கும், யாரும் எதுவும் அறிவிக்க மாட்டார்கள். இது எல்லாம் சேர்ந்து ‘என்ஜின் நின்றுவிட்டது, விழுகிறோம்’ என்ற எண்ணத்தைத் தரும். அறிவிப்பு வராததற்குக் காரணம், பேச வேண்டியவர்கள் மாஸ்க்கோடு வேறு வேலையில் இருப்பது.

உடல்கூட்டில் சேதம் என்று சந்தேகம் இருந்தால் வேகத்தைக் கூட்ட மாட்டார்கள். அப்போது இறக்கம் கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

ஏன் எப்பவும் 10,000 அடி? இன்னும் கீழே போனா இன்னும் நல்லதுதானே?

10,000 அடியில் ஆரோக்கியமானவர்கள் மாஸ்க் இல்லாமல் தெளிவாக இருக்கலாம். அதற்குக் கீழே போனால் எரிபொருள் வீண், மலையும் பக்கத்தில் வரும். தென்னிந்தியாவில் மிக உயரமான ஆனைமுடியே 8,842 அடி. அதனால் சென்னையிலிருந்து பெங்களூரு, மும்பை, கொழும்பு போகிற வழிகளில் இது பெரிய சிக்கல் இல்லை.

சரி, கீழே இமயமலை இருந்தா?

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 14,000 அடிக்கு மேல். அங்கே 10,000 அடி என்பது மண்ணுக்குள். ஆகவே அப்படிப்பட்ட வழியில் போகும் விமானங்களுக்கு, வழியின் ஒவ்வொரு பகுதியிலும் ‘இங்கே பிரஷர் போனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த உயரத்தில் எத்தனை நிமிடம், எங்கே போய் முழுக்க இறங்கலாம்’ என்று தப்பிக்கும் பாதையை முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார்கள். 12 நிமிட டப்பா போதாத வழிகளில், அதிக நேரம் வரும் ஆக்ஸிஜன் ஏற்பாடு உள்ள விமானத்தை மட்டுமே அனுப்புவார்கள்.

2018 மே 14 அன்று சீனாவின் சிச்சுவான் ஏர்லைன்ஸ் 8633 விமானம் சோங்கிங்கிலிருந்து திபெத்தின் லாசாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 32,000 அடியில் வலப்பக்கக் காக்பிட் கண்ணாடி வெடித்துப் போனது. துணை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சீட் பெல்ட் காப்பாற்றியது. காற்றின் வேகத்தில் கருவிகள் பெயர்ந்தன, கேப்டன் லியூ சுவான்ஜியானால் மாஸ்க்கை எட்டி எடுக்க முடியவில்லை. அப்படியும் ஒரேயடியாக இறங்க முடியாது, கீழே மலை. படிப்படியாக இறக்கி, திரும்பி, செங்டுவில் தரையிறக்கினார். பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். லாசா வழியில் பலமுறை பறந்த அனுபவசாலி அவர். அந்த அனுபவம் இல்லாத ஒருவர் அந்த இருக்கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாஸ்க் விழுந்ததும் ஏர் ஹோஸ்டஸ் நமக்கு உதவாம அவங்க போய் உட்கார்ந்துக்கிறாங்களே?

அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதே அதுதான். பக்கத்தில் தொங்கும் மாஸ்க்கை எடு, கிடைத்த இடத்தில் உட்கார், பெல்ட் போடு. இடம் இல்லையென்றால் பயணிகளின் இருக்கைக் கைப்பிடியைப் பிடித்துத் தரையிலாவது உட்கார். நின்று வேலை செய்பவருக்கு ஆக்ஸிஜன் இன்னும் வேகமாகத் தீரும், உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முன்பே அவர் மயங்குவார். ட்ராலி நடைபாதையில் இருந்தால் பிரேக்கை அழுத்துவதோடு சரி.

விமானம் சமநிலைக்கு வந்து, பாதுகாப்பான உயரம் என்று கேப்டன் சொன்ன பிறகுதான் எழுவார்கள். கையடக்க ஆக்ஸிஜன் பாட்டிலை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்ப்பார்கள்: மயங்கியவர் யார், ரத்தம் வருகிறதா, ஓட்டை எங்கேயாவது தெரிகிறதா. சேதம் இருக்கும் இடத்துப் பக்கத்தில் இருப்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். கேபினில் பார்த்ததைக் கேப்டனுக்குச் சொல்வதும் அவர்கள்தான், ஏனென்றால் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு வாலில் என்ன நடந்தது என்று தெரியாது.

டாய்லெட்ல இருக்கும்போது நடந்தா?

அங்கேயும் மாஸ்க் விழும். போட்டுக்கொண்டு அங்கேயே உட்காருங்கள். கேபினில் எழுந்ததும் பணியாளர்கள் முதலில் தேடும் இடங்களில் கழிவறையும் ஒன்று.

ஓட்டை விழுந்தா சினிமால வர்ற மாதிரி எல்லாரையும் இழுத்துடுமா?

இழுப்பு உண்மை. ஆனால் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும், உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகும்வரை மட்டும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா 243 விமானத்தின் கூரையில் பெரும் பகுதி 24,000 அடியில் பிய்ந்து போனது. நின்றுகொண்டிருந்த ஒரு பணிப்பெண் வெளியே போய்விட்டார். திறந்த வானத்தின் கீழே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பயணிகள் அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள். மேலே சொன்ன சௌத்வெஸ்ட் விமானத்தில் என்ஜின் துண்டு ஜன்னலை உடைத்து, அந்த ஜன்னலோரம் இருந்த பயணி ஒருவர் இறந்தார். பெல்ட்டைத் தளர்த்தாமல் போட்டிருங்கள் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 விமானத்தில், சுமார் 15,000 அடியில், கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த பலகை பிடுங்கிக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் மாட்டப்படவே இல்லை. ஓட்டையை ஒட்டிய இரண்டு இருக்கைகளும் காலி, அது அதிர்ஷ்டம். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு: காக்பிட் கதவு படாரென்று திறந்துகொண்டது, துணை விமானியின் ஹெட்செட் பறந்தது. அழுத்தம் சட்டென்று விழுந்தால் கதவு அப்படித் திறக்கும்படிதான் வடிவமைத்திருந்தார்கள், ஆனால் அது ஓட்டியவர்களுக்குத் தெரியாது. வடிவமைத்தவருக்குத் தெரிந்தது ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யாராவது நடுவானில கதவைத் திறந்துட்டா?

முடியாது. 8 பவுண்டு அழுத்தத்தைக் கதவின் பரப்போடு பெருக்கினால் எட்டு டன்னுக்கு மேல் வரும். அவ்வளவு கனத்தோடு கதவு சட்டத்தில் அழுந்தி நிற்கிறது. ஆனால் தரைக்குப் பக்கத்தில் அந்த அழுத்தம் இருக்காது. 2023 மே 26 அன்று தென்கொரியாவில் டேகு நகரில் இறங்கிக்கொண்டிருந்த ஆசியானா ஏ321 விமானத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தே விட்டார், அப்போது உயரம் சுமார் 700 அடி. விமானம் திறந்த கதவோடு பத்திரமாக இறங்கியது.

இவ்வளவும் திடீர்னு போறது. மெதுவா கசிஞ்சா ஆபத்து கம்மிதானே?

நேர்மாறு. படாரென்று போனால் யாருக்கும் சந்தேகம் இருக்காது, எல்லாக் கையும் மாஸ்க்குக்குப் போகும். மெதுவாகப் போனால் சத்தம் இல்லை, பனி இல்லை. விமானிகள் பார்ப்பது கேபின் உயரத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போவதை மட்டும். தானியங்கிக் கட்டுப்பாடு இரண்டு உண்டு. ஒன்று கெட்டால் மற்றது ஏற்கும். இரண்டும் கைவிட்டால் அவுட்ஃப்ளோ வால்வைக் கையால் மூடிப் பார்ப்பார்கள். கட்டுக்குள் வந்தால் பயணம் தொடரலாம், அல்லது குறைந்த உயரத்துக்கு அனுமதி கேட்டுச் சாதாரணமாக இறங்கலாம். எண் நிற்காமல் ஏறினால் தாமதமின்றி மாஸ்க், அவசர இறக்கம். எச்சரிக்கை ஒலித்த பிறகு ‘முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம்’ என்று உட்கார்வதுதான் ஆகாது. காரணத்தை மாஸ்க் போட்ட பிறகும் தேடலாம்.

அப்போ பைலட்டே மயங்கிட்டா?

அப்படித்தான் ஹீலியோஸ் 522 போனது. 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராக் போக வேண்டிய போயிங் 737. முந்தைய பயணத்தில் கதவில் சத்தம் என்ற புகாரால் தரைப் பொறியாளர்கள் கசிவுச் சோதனை செய்தார்கள். அதற்காக அழுத்தக் கட்டுப்பாட்டை ‘மேனுவல்’, அதாவது கையால் இயக்கும் நிலைக்குத் திருப்பியது அப்படியே நின்றுவிட்டது. புறப்படும் முன் பார்க்கும் சரிபார்ப்புகளில் அது யார் கண்ணிலும் படவில்லை.

விமானம் 12,000 அடி தாண்டியதும் எச்சரிக்கை ஒலித்தது. அந்த வகை 737-இல் புறப்பாட்டின்போது ஏதாவது தப்பாக இருந்தாலும் இதே ஒலிதான். விமானிகள் அதைத்தான் நினைத்தார்கள், குளிர்விக்கும் கருவி பற்றித் தரையோடு பேசிக்கொண்டே ஏறினார்கள். பேச்சு நின்றது. ஆட்டோபைலட் 34,000 அடிக்கு ஏற்றி, ஏதென்ஸ் அருகே வட்டமடிக்க வைத்தது. கிரேக்க விமானப்படையின் இரண்டு எஃப்-16கள் போய்ப் பார்த்தபோது கேப்டன் இருக்கை காலி, துணை விமானி சாய்ந்து கிடந்தார், கேபினில் மாஸ்க்குகள் தொங்கின. கடைசியில் ஆண்ட்ரியாஸ் ப்ரோட்ரோமு என்ற பணியாளர் காக்பிட்டுக்குள் போனார். அதற்குள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 121 பேரும் இறந்தார்கள். இதன் பிறகு 737களில் இந்த இரண்டு எச்சரிக்கைகளுக்கும் தனித்தனி விளக்குகள் வைக்க உத்தரவு வந்தது.

கேபினில் வேலை செய்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மாஸ்க் விழுந்து, விமானம் இறங்காமல் தொடர்ந்து ஏறினால், முன்னால் ஏதோ சரியில்லை. கேப்டன் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் உடனே இன்டர்காமை எடுக்க வேண்டும்.

நம்ம நாட்டுல இப்படி நடந்திருக்கா?

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் 737. என்ஜினிலிருந்து காற்று எடுக்கும் சுவிட்சுகள் போடப்படவில்லை. விமானம் ஏறியது, அழுத்தம் ஏறவில்லை, மாஸ்க் விழுந்தது. மும்பைக்கே திரும்பி இறங்கினார்கள். முப்பது பேர் வரை மூக்கிலும் காதிலும் ரத்தம், தலைவலி. யாரும் இறக்கவில்லை. எந்திரம் எதுவும் உடையவில்லை, ஹீலியோஸிலும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

லே விமான நிலையமே பத்தாயிரம் அடிக்கு மேலதானே? அங்கே இறங்கும்போது அலாரம் அடிக்காதா?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. லே நிலையம் 10,682 அடி. கதவைத் திறக்கும்போது உள்ளும் வெளியும் சமமாக இருக்க வேண்டும். ஆகவே லேக்கு இறங்கும்போது விமானம் கீழே வர, கேபின் உயரம் மேலே போகும். வழக்கத்துக்குத் தலைகீழ். இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் போகும் விமானங்களில் எச்சரிக்கை எல்லையை உயர்த்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. புறப்படும்போது அதை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கீழே சரக்கு அறையில என் நாயை அனுப்பினா அதுக்கு மாஸ்க் கிடையாதே?

கிடையாது. சரக்கு அறையும் அதே அழுத்தக் கூட்டுக்குள்தான் இருக்கிறது, சாதாரணப் பயணத்தில் நாய்க்கும் நமக்கும் ஒரே அழுத்தம். அவசரத்தில் அதற்கும் நல்லது விமானம் விரைவாக இறங்குவதுதான்.

10,000 அடிக்கு வந்தாச்சு, எல்லாரும் நல்லாயிருக்காங்க. அப்படியே ஊர் போய்ச் சேரலாமே, ஏன் பாதி வழியில இறக்கிடறாங்க?

அந்த உயரத்தில் காற்று அடர்த்தி. எரிபொருள் மிக அதிகமாகச் செலவாகும், வேகமும் குறைவு. சிங்கப்பூர் வரை போட்ட எரிபொருள் அங்கே போதாமல் போகலாம். கடலைக் கடக்கும் பயணங்களில் இதற்கென்றே தனிக் கணக்கு போடுவார்கள்: வழியில் மோசமான புள்ளியில் அழுத்தம் போய், கூடவே ஒரு என்ஜினும் நின்றால், தாழ்ந்த உயரத்திலேயே பறந்து மாற்று நிலையத்தை எட்ட முடியுமா என்று. முடியாது என்றால் கிளம்பும் முன்பே கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டும்.

போதுமான எரிபொருள் இருந்தாலும் ஏன் அழுத்தம் போனது என்பது தெரியாத விமானம் அது. பயணிகளுக்கும் மீதி ஆக்ஸிஜன் கிடையாது, டப்பாக்கள் ஒரு தடவைதான். இறங்கியதும் மருத்துவர் பார்ப்பார். காது வலி, மூக்கில் ரத்தம் பெரும்பாலும் தானே சரியாகும். மூட்டு வலி, மரத்துப்போதல், பார்வை மங்கல் இருந்தால் சொல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். முந்தைய நாள் கடலில் ஸ்கூபா டைவிங் செய்திருந்தால் மருத்துவர் கேட்காமலேயே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.